இரண்டு வீடு தள்ளி

மஞ்சள் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கு அந்த ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. யாரும் அதை எழுதி வைத்ததில்லை. நோயாளியின் வாசலில் நிறுத்தவே கூடாது. இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டு, வேறு யாரையோ தேடி வந்தவர்போல நிதானமாக நடந்து போக வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவர் தேமல் சார். கடைசியில் அதை மீறியவரும் அவர்தான். என்னத்தைச் சொல்ல.

தேமல் சார் என்பது ஊர் வைத்த பெயர். தொழுநோய் ஒழிப்புப் பிரிவில் களப்பணியாளர். வீடு வீடாகப் போய், "உடம்புல எங்கயாவது தேமல் மாதிரி இருக்கா? அந்த இடத்துல தொட்டா தெரியாம இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே ஆயுளைக் கழித்தவர். வாலிபத்தில் அந்தக் கேள்வியைக் கணீரென்று கேட்பார். இப்போதெல்லாம் கேள்வி முடிவதற்குள் கொட்டாவி வந்துவிடுகிறது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் பாக்கி. அவருடைய முட்டி மட்டும் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டது.

ஆபீஸ் கொடுத்த வண்டி ஒரு பழைய மொபெட். பின்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. அதில் சிவப்பு எழுத்தில், 'தொழுநோயை மறைக்காதீர்கள்! மருந்து இலவசம்' என்று எழுதி, பக்கத்தில் விரித்த கை ஒன்றும் வரைந்திருந்தது. வரைந்த பெயின்டர் ஏதோ நினைப்பில் ஆறு விரல் போட்டுவிட்டான். "நல்லதுதான், விரல் போயிடும்னு பயப்படுறவங்களுக்கு ஒண்ணு உபரியா இருக்கட்டும்" என்று சார் அதை அப்படியே விட்டுவிட்டார். ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த மஞ்சள் பெட்டி தெரியும். அது ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் யாருக்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

தினமும் சாயங்காலம் வண்டியைத் தெருமுனை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு நடந்து வருவார். வீட்டுக்கு நேர் எதிரே டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால்தான் சாலையைக் கடந்து வீட்டுக்குள் போகும் தெம்பு வரும்.

டீ மாஸ்டருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. இரும்புக் கை. மற்றவர்கள் கிளாசின் விளிம்பை நுனி விரலால் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ்" என்று ஊதிக்கொண்டு நீட்டுவார்கள். இவர் கொதிக்கக் கொதிக்க நாலைந்து கிளாஸ்களைச் சுண்டு விரலில் அடி தாங்கி, கொத்தாகப் பூப்பறித்து வருவதுபோல் கொண்டு வருவார். முகம் சுளிக்க மாட்டார். பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும், "யோவ் இரும்புக் கை, உனக்குத் தோலா, தகரமா?" என்று கேட்பார். கடையே சிரிக்கும். சாரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு வருஷமோ அதற்கு மேலோ சிரித்தார். ஆயுள் முழுக்க மரத்துப் போன தோலைத் தேடி அலைந்த மனுஷர், கண்ணெதிரே நீட்டிய கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்துவிட்டதல்லவா, கண்ணையும் வண்டியோடு சேர்த்து வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்திருப்பார்.

ஒரு நாள் மாஸ்டர் வைத்த கிளாசின் அடியில் ஏதோ ஈரமாக இருந்தது. சார் நிமிர்ந்தார். மாஸ்டரின் சுண்டு விரலில் கொப்புளம் உடைந்து, சதை சிவந்து தெரிந்தது.

"என்ன மாஸ்டர், கையில கொப்புளம் உடைஞ்சிருக்கு?"

"எங்க?" என்று மாஸ்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். "அட, ஆமா."

அந்த "அட, ஆமா"வைக் கேட்டதும் சாருக்குச் சட்டென்று உறைத்தது, கொப்புளம் உடைந்தது இவருக்கே தெரியவில்லை. குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் பால் கேன்களும் சர்க்கரை மூட்டையும் கிடக்கும் ஒரு இடுக்கு அறை. கூட்டம் குறைந்த நேரம் பார்த்து மாஸ்டரை அங்கே அழைத்துப் போனார். சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார். முழங்கைக்குக் கீழே, டீ ஆற்றுகிறவன் கையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற மாதிரி, வெளிறின ஒரு தேமல் சாவகாசமாகப் படர்ந்து கிடந்தது.

"கண்ணை மூடிக்கங்க. பேனா முனை படுறப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

பட்ட இடத்தை இன்னொரு கையால் தொட்டுக் காட்டச் சொல்வதுதான் சரியான முறை. அதற்கு நேரம் பிடிக்கும். சாருக்கு அலுப்பு, குறுக்கு வழியில் போனார். தொட்டார். "ம்." தொட்டார். "ம்." தேமலின் நடுவே தொட்டார். "ம்." அப்பாடா என்றிருந்தது சாருக்கு. வெறும் சூட்டுக் கொப்புளம்தான், வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்று பேனாவை மூடப் போனவர், எதற்கோ நின்றார். ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. பேனாவைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றார்.

"ம்" என்றார் மாஸ்டர்.

சார் பேனாவை இறக்கவில்லை. மாஸ்டர் கண்ணைத் திறந்து பேனாவைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட முகம்.

"எத்தனை நாளா தெரியும் மாஸ்டர்?"

"தேமல் ரொம்ப நாளா இருக்கு சார். சுண்டு விரல் மட்டும் இப்ப ரெண்டு மூணு மாசமா சொன்ன பேச்சு கேக்கல." மாஸ்டர் சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார். "நீங்க தினமும் வர்றீங்க. ஏதாவது இருந்தா சார் சொல்லியிருப்பாரேன்னு நானும் இருந்துட்டேன்."

சார் குனிந்து, மாஸ்டரின் முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்து உறுதி செய்தார். ஒரு வருஷத்துக்கு மாத்திரை. நரம்பு வீக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை. "நரம்பு சமீபத்துலதான் கெட்டிருக்கு. விடாம சாப்பிட்டா விரல் திரும்பும். நடுவுல விட்டா, மடங்கினது மடங்கினதுதான்" என்று கண்டிப்பாகச் சொன்னார். மாஸ்டரின் மனைவியையும் மகளையும் சோதித்ததில் ஒன்றுமில்லை. வராமல் தடுக்க அவர்களுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். முதல் வேளை மாத்திரை உள்ளே போன சில நாட்களிலேயே இவரிடமிருந்து யாருக்கும் பரவாது என்பதையும் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைக்குத் தெரியாம பாத்துக்கலாமா சார்?"

"என்கிட்ட விடுங்க. மாசா மாசம் நானே கொண்டாந்து தர்றேன். தினமும் டீ குடிக்க வர்ற ஆளுதானே, யாருக்கு என்ன தெரியப் போகுது?"

அப்படித்தான் நடந்தது. சட்டைப் பையில் மாத்திரை அட்டையோடு வருவார், டீ குடிப்பார், கிளாசைத் திருப்பிக் கொடுக்கும்போது அட்டையும் கைமாறும். மாதத்தின் முதல் வேளையை மட்டும் மாஸ்டர் பின்னறையில் சாரின் கண்முன்னே போட்டுக்கொள்வார். மாஸ்டரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்தது. அது மாத்திரையின் வேலை, முடிந்ததும் மெல்ல மாறிவிடும் என்று சார் முன்பே சொல்லியிருந்தார். யாராவது கேட்டால், "அடுப்புப் பக்கத்துல நின்னா வெளுக்கவா செய்யும்?" என்று மாஸ்டர் சமாளித்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் சார் சொல்வதை அவர் கேட்கவில்லை. கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், கம்பிக் கூடையில் வைத்துக் கொண்டு போங்கள் என்று சார் தலைபாடாக அடித்துக்கொண்டார். "இரும்புக் கை கூடை தூக்கினா ஊரு சிரிக்கும் சார்" என்று மறுத்துவிட்டார்.

பிறகு அந்த மழை நாள் வந்தது.

மத்தியானம் மூன்று தெரு சுற்றிவிட்டு சார் நனைந்துகொண்டு வந்தார். முட்டி, ஆணி அறைந்ததுபோல் வலித்தது. மாஸ்டரின் நரம்பைச் சோதிக்க வேண்டிய நாள். வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டால் அங்கிருந்து மழையில் நடக்க வேண்டும். ஒரு நாள்தானே, அஞ்சு நிமிஷம்தானே என்று நினைத்தார். வண்டியைக் கடை வாசலிலேயே, கூரையின் கீழே ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளே போனார். அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. சோதித்து முடித்தும் மழை விடவில்லை. சர்க்கரை மூட்டையில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். மஞ்சள் பெட்டி ஆறு விரலையும் விரித்துக்கொண்டு, கடையை ஒட்டிய பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கியிருந்த அத்தனை பேருக்கும் செய்தி சொல்லிக்கொண்டு நின்றது.

மறுநாள் கண்டக்டர் பேப்பர் கப்பில் டீ கேட்டார். அதற்கு மறுநாள் வரவே இல்லை. கருத்த முகம், இரும்புக் கை, மஞ்சள் வண்டி எல்லாவற்றையும் ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. யாரும் சண்டை போடவில்லை, கல்லெறியவில்லை. நாசூக்காக நழுவிக்கொண்டார்கள். ஒருவருக்குச் சர்க்கரை கூடிவிட்டதாம், டீயை விட்டுவிட்டாராம். இன்னொருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் கடையைத் தாண்டி ஓடினார். அந்தப் பக்கம் பஸ்ஸே இல்லை. மாஸ்டர் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பாய்லர் மட்டும் தன்பாட்டுக்குக் கொதித்தது.

சார் தன்னால் ஆனதைச் செய்தார். ஒரு டீ குடிக்கிறவர் நாலு டீ குடித்தார். தூக்கம் போனதுதான் மிச்சம். பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் உரக்கச் சொல்லிப் பார்த்தார்: "நான் தினமும் இங்கதான் குடிக்கிறேன். எனக்கு வந்துச்சா? மருந்து ஆரம்பிச்சாச்சுன்னா பரவாதுங்க."

"நீங்க சம்பளத்துக்குக் குடிக்கிறீங்க சார்" என்றான் வொர்க்‌ஷாப் மெக்கானிக், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

அடுத்த மாதத்து அட்டையை நீட்டியபோது மாஸ்டர் கை நீட்டவில்லை. போன மாதத்து அட்டையையே எடுத்துத் திருப்பி வைத்தார். பாதி மாத்திரை அப்படியே இருந்தது.

"இதையும் எடுத்துட்டுப் போங்க சார்."

"என்ன மாஸ்டர் இது?"

"மாத்திரைய நிறுத்தினா முகம் வெளுக்கும். முகம் வெளுத்தா நாலு பேர் திரும்பி வருவாங்க. மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கிட்டு என்னால யாவாரம் பண்ண முடியல."

"கை போயிடும் மாஸ்டர். இப்பதான் விரல் கொஞ்சம் நிமிருது."

"கைய வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? குடிக்க ஆள் வேணாமா? பொண்ணு படிப்பு இருக்கு. கடை வாடகை இருக்கு."

சார் ஆபீசில் மனப்பாடம் செய்த வாக்கியத்தை எடுத்தார். வேறு எதுவும் கைவசம் இல்லை. "இது மறைச்சு வாழ வேண்டிய நோய் இல்ல மாஸ்டர். தைரியமா இருக்கணும். நாம மறைச்சாதான் அவங்க பயப்படுவாங்க."

மாஸ்டர் சாலைக்கு அப்பால், சாரின் வீட்டு வாசலைப் பார்த்தார்.

"சார், உங்க வீட்டுக்கு எதிர்ல எத்தனை வருஷமா நிக்கிறேன். அந்த வண்டி ஒரு நாளாவது உங்க வாசல்ல நின்னு நான் பாத்ததில்ல. வொர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி தள்ளிட்டுப் போய், தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு வேற கட்டுறீங்க. நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்க கஷ்டம் உங்களுக்குன்னு விட்டுட்டேன்." குரலை உயர்த்தவே இல்லை. "ஆனா தைரியம்ங்கிற வார்த்தைய நீங்க சொல்லாதீங்க சார்."

சார் பழைய அட்டையையும் புது அட்டையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். டீ குடிக்கவில்லை. சாலையைக் கடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்.

சாரின் மனைவி வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விடுவார்கள். சாயங்காலம் அழைத்துப் போவார்கள். குழந்தைகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடும், அம்மாக்களும் அப்படியே. முன்னறை முழுக்கப் பாய். சுவரில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பைகள். அலமாரியில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கப்புகள். சார் சம்பளத்தில் வீடு ஓடியது, பெரியம்மா வருமானத்தில் வீட்டுக் கடன் ஓடியது.

கடைசிக் குழந்தையும் போன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் சார் எல்லாவற்றையும் கொட்டினார். மழை, வண்டி, தூக்கம், மாஸ்டர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவர் பாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "இங்க வர்ற அம்மாங்க பேசிக்கிட்டாங்க. நான் வாயத் திறக்கல. நானும் அவர் கடைப் பக்கம் போய் நாளாச்சு."

"நீயுமா?"

"என்ன நீயுமா? உங்ககூட வாழ்ந்தா பயம் போயிடுமா? தெரியும், ஒட்டாதுன்னு தெரியும். ஆனா இந்தப் புள்ளைங்களோட அம்மாங்களுக்குத் தெரியாதே. அவங்க பயத்துக்குதான் நான் பயப்படுறேன்."

"அதனாலதானே நானும் வண்டிய..." என்று ஆரம்பித்தார் சார். "நீதானே அப்பவே சொன்ன, வாசல்ல நிறுத்தாதீங்கன்னு."

பெரியம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பாயைப் பொத்தென்று சுவரில் சாத்தினார்.

"ஆமா, சொன்னேன். குடி வந்த புதுசுல, முதல் குழந்தை வந்தப்ப, ஒரே ஒரு தடவை சொன்னேன். அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல, 'இன்னும் அப்படித்தான் இருக்கணுமா'ன்னு ஒரு நாள் என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"தெரியாது. திட்டிகூட இருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்ல? கேக்காமலே என் பேரைச் சொல்லி நீங்க ஒளிஞ்சுக்கிட்டீங்க. தார்ப்பாய் நான் வாங்கிக் குடுத்தேனா? கயிறு நான் கட்டினேனா?"

தார்ப்பாய் வாங்கியது அவர்தான். நல்ல கனமான தார்ப்பாயாகப் பார்த்து வாங்கினார். கடையில் பேரம்கூடப் பேசியது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் அலுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் பிறர் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தன் வாசலுக்குக் கொண்டுவரவில்லை என்பதை நினைத்துக்கொண்டே, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

காலையில் வொர்க்‌ஷாப்புக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போட்டார். வண்டியை ஆபீஸ் பக்கம் திருப்பவில்லை. வீட்டுப் பக்கம் திருப்பித் தள்ளினார். மெக்கானிக் பல் விளக்கிக்கொண்டே பார்த்தான். "சார், ரூட்டு மாறுது?" என்றான். சார் கவனிக்காததுபோல் போனார்.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். திட்டு வரப்போகிறது என்று சார் காத்திருந்தார். அவர் வாசலில் கிடந்த குழந்தைகளின் செருப்பு ஸ்டாண்டை இழுத்து ஓரமாக நகர்த்தினார்.

"நல்லா உள்ள தள்ளி ஸ்டாண்டு போடுங்க. சாஞ்சு எந்தப் புள்ள மேலயாவது விழுந்துடப் போகுது" என்றார்.

பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சாலைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

"மாஸ்டர் தம்பி! ரெண்டு டீ! கண்ணாடி கிளாஸ்ல!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் ஒரு பஸ்ஸின் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எதிரே மாஸ்டர் எழுந்து நின்று, வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ போட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

சாலையைக் கடந்து அவர் வந்தபோது கையில் கம்பிக் கூடை இருந்தது. கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது. சார் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குள் இரண்டு அம்மாக்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி வங்கியில் வேலை. மகனைக் கையில் பிடித்திருந்தாள். இன்னொருத்தி தையல் கம்பெனிக்குப் போகிறவள். இடுப்பில் பெண் குழந்தை. இருவரும் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தார்கள், மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள், பெரியம்மா கிளாசை எடுத்து ஊதிக் குடிப்பதையும் பார்த்தார்கள். வங்கிக்காரி எதுவும் கேட்கவில்லை. "இன்னைக்கு இவனுக்கு லேசா ஜுரம் பெரியம்மா, நான் லீவு போட்டுக்கறேன்" என்றாள். பையனுக்கு ஜுரம் இல்லை. அவன் உள்ளே போக வேண்டும் என்று கையை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"போறாங்களே அக்கா" என்றார் மாஸ்டர்.

"போனா போறாங்க. நாளைக்கு வர்றாங்களான்னு பாப்போம்." பெரியம்மா அலட்டிக்கொள்ளாமல்தான் சொன்னார். ஆனால் மிச்ச டீயை ஊத மறந்து குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அந்த மாத வருமானத்தில் ஒரு துண்டு அப்போதே போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

மாஸ்டர் போகிறவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மஞ்சள் பெட்டியைத் தட்டினார்.

"அட்டை இதுல இருக்கா சார்?"

"இருக்கு."

"குடுங்க. மாசத்து முதல் வேளைய உங்க முன்னாடிதானே போடணும்? இங்கயே போட்டுடறேன்."

சார் பெட்டியைத் திறந்தார். மாத்திரைகளைப் பிதுக்கி மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார். "தண்ணி?" என்று மாஸ்டர் கேட்டபோது, பெரியம்மா உள்ளே போனார். அலமாரியின் முன் ஒரு கணம் நின்றதை சார் வாசலிலிருந்தே பார்த்தார். கீழ்த்தட்டில் வெளியாட்களுக்கென்று ஒரு டம்ளர் இருக்கிறது. அவருடைய கை அதன் பக்கம் போனது, நின்றது. மேல்தட்டிலிருந்து ஒரு குழந்தைக் கப்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு வந்தார்.

மாஸ்டர் வாங்கிக் குடித்தார். கப்பில் ஒரு வாத்துப் படம் இருந்தது. குடித்து முடித்து, கப்பை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா அதை வாங்கிக் குழாயடியில் கழுவினார். மற்றக் கப்புகளோடு கவிழ்த்து வைத்தார்.

"பெரியம்மா, அந்தக் கப்பு..." என்றாள் தையல் கம்பெனிக்காரி, மெல்ல.

"கழுவிட்டேன்மா. எல்லாக் கப்பையும் எப்படிக் கழுவறேனோ அப்படித்தான் கழுவினேன். வேணாம்னா சொல்லு, உன் பொண்ணு கப்ப வீட்லருந்து குடுத்து விடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவள் நின்றாள். தூரத்தில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் சாரைப் பார்த்தாள். "சார், நெஜமா ஒட்டாதுல்ல?"

சாருக்கு மனப்பாட வாக்கியங்கள் எல்லாம் தொண்டைவரை வந்தன. அவற்றை விழுங்கிக்கொண்டார். "ஒட்டாதும்மா. ஒட்டும்னா இந்த வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்க மாட்டேன். அவ என்னை உயிரோட விட மாட்டா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தையைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மாஸ்டர் காலி கிளாஸ்களைக் கூடையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். கடையில் அப்போதும் யாரும் இல்லை. இன்று வந்துவிடுவார்கள் என்று சாரும் நினைக்கவில்லை. ஒரு மாதமாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வராமலும் போகலாம். மாத்திரை உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். விரலுக்கு அது போதும்.

சார் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அன்றைய தெருவுக்குப் போனார். அங்கே ஒரு காலேஜ் பெண்ணுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். அவள் வீடு வந்தது. வண்டியை நிறுத்தாமல் அதைத் தாண்டிப் போனார். இரண்டு வீடு தள்ளி, ஒரு மரத்தடியில் நிறுத்தினார். தன் வாசல் தன்னுடையது. அந்தப் பெண்ணின் வாசல் அந்தப் பெண்ணுடையது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலிக்கிற முட்டியைத் தேய்த்துவிட்டு, யாரையோ தேடி வந்தவர்போல நடந்தார்.

கதவைத் திறந்த பெண் முதலில் அவர் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். வண்டி கண்ணில் படவில்லை என்றதும் மூச்சு விட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "வாங்க மாமா! எப்ப வந்தீங்க? அம்மா உள்ளதான் இருக்காங்க" என்றாள்.

"இந்தப் பக்கமா வந்தேன்மா, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றார் சார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.